இருபத்து நான்கு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்ட ரோபோ: ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பு

காட்பாடி காந்தி நகரில் உள்ள எங்கள் வீட்டின் தரையை இரண்டரை ஆண்டுகளாகக் கூட்டித் துடைத்து வருவது, வட்டத் தட்டைப் போன்ற ஒரு ரோபோ வாக்குவம் கிளீனர். தெருப்பக்கம் கூடம், அதையொட்டி நடை, நடையின் இருபுறமும் ஒவ்வொரு படுக்கையறை, கடைசியில் சமையலறை என்று நீளவாக்கில் அமைந்த வீடு இது. கட்டில், பீரோ போன்றவற்றின் இடம் போக, அது ஓடக்கூடிய பரப்பு 68 சதுர மீட்டர். வாங்கிய புதிதில் இந்தப் பரப்பு முழுவதையும் 55 நிமிடத்தில் முடித்துவிட்டு, 30 விழுக்காடு சார்ஜ் மிச்சமிருக்கும்போதே, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் நிலையமான தன் டாக்குக்குத் திரும்பிவிடும்.

மார்ச் மாதக் கடைசியில் இந்த ஒழுங்கு குலைந்தது. சில நாட்களில் கூடத்தை மட்டும் சுற்றிவிட்டு, சுத்தம் முடிந்தது என்று ஆங்கிலத்தில் அறிவித்து டாக்கில் ஏறி நின்றுகொண்டது. வேறு சில நாட்களில் அறிவிப்பு எதுவும் இல்லாமல் கட்டிலுக்கு அடியிலோ சமையலறையிலோ அணைந்து கிடந்தது. சேவை மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, எதிர்முனையில் இருந்தவர் நான் பாதி சொல்லும்போதே, "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது பிறகு தெரிந்தது. அன்றே பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால், புதிய பேட்டரியோடும் அது கூடத்தையே சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

கருவியைக் கழற்றுவதற்கு முன் பத்து நாட்கள் ஒரு நோட்டில் குறிப்பெடுத்தேன். தொடங்கிய நேரம், தொடங்கும்போது இருந்த சார்ஜ், நின்ற நேரம், நிற்கும்போது கைபேசிச் செயலி காட்டிய சார்ஜ், சுத்தம் செய்த பரப்பு, என்ன சொல்லிவிட்டு நின்றது என்ற ஆறு விவரங்கள்தான். ஏப்ரல் 3 முதல் 12 வரை எழுதியதைப் பார்த்தபோது, ஒரே நோய் என்று நான் நினைத்தது இரண்டாகப் பிரிந்தது. ஆறு நாட்களில் அது 29 முதல் 31 சதுர மீட்டர் வரை மட்டும் கூட்டி, 22 முதல் 25 நிமிடத்தில், ஏறத்தாழ 60 விழுக்காடு சார்ஜ் மீதமிருக்கும்போது தானாகவே டாக்குக்குத் திரும்பியிருந்தது. மற்ற நான்கு நாட்களில் நடையைத் தாண்டிப் போய், 38 முதல் 40 நிமிடத்துக்குள் 35 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உயிரை விட்டிருந்தது. முன்னது வேலை முடிந்துவிட்டதாக நம்பி நிற்பது. பின்னது ஓட முடியாமல் நிற்பது. 60 விழுக்காடு சார்ஜோடு வீடு திரும்பும் கருவிக்குப் பேட்டரியைக் குறை சொல்வது, சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்தவருக்குப் பசி தாங்காது என்று சொல்வதைப் போன்றது.

எனவே முதலில் அந்த 30 சதுர மீட்டரை எடுத்துக்கொண்டேன். அது சரியாகக் கூடத்தின் பரப்பு. செயலியின் வரைபடத்தில், ரோபோ தாண்டக் கூடாது என்று யாராவது தடைக்கோடு போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன், இல்லை. தலையில் சுழலும் லேசர் அளவியும் ஒழுங்காகச் சுழன்றது. நடையின் சுவர்கள் வரைபடத்தில் தெளிவாகப் பதிந்திருந்ததால், ரோபோ அந்த இடத்தைப் பார்த்திருக்கிறது, ஆனால் உள்ளே போகவில்லை என்பது உறுதியாயிற்று. மறுநாள் காலை நாற்காலியைப் போட்டுக் கூடத்துக்கும் நடைக்கும் இடையில் உட்கார்ந்துகொண்டேன். ரோபோ வாசலை நோக்கி வந்தது, அங்கே தரையில் பதித்திருக்கும் கறுப்பு கிரானைட் பட்டையின் விளிம்பைத் தொட்டவுடன் பின்வாங்கியது, சற்றுத் தள்ளி மீண்டும் வந்தது, மீண்டும் பின்வாங்கியது. நான்கைந்து முறை முயன்ற பிறகு, போக வழியில்லை என்று முடிவு செய்து கூடத்தை மட்டும் கணக்கில் கொண்டு வேலையை முடித்துக்கொண்டது.

படிக்கட்டிலிருந்து விழாமல் இருப்பதற்காக இவ்வகை ரோபோக்களின் அடிப்பகுதியில், முன்விளிம்பை ஒட்டிப் பள்ளம் உணரும் சென்சார்கள் இருக்கும், எங்களுடையதில் நான்கு. ஒவ்வொன்றிலும் அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பும் ஒரு எல்இடியும், தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்கும் ஓர் ஏற்பியும் ஒரே சிறிய பிளாஸ்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருக்கும். திரும்பி வரும் ஒளி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், எதிரில் தரை இல்லை, பள்ளம் என்று அது முடிவு செய்யும். கறுப்புக் கல் அந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, பாலிஷ் போட்ட கல்லாக இருப்பதால், மிஞ்சிய ஒளியும் நாலாபக்கமும் சிதறாமல் ஒரே திசையில் தெறித்து ஏற்பியின் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ரோபோவின் கணக்கில் எங்கள் நடைவாசல் ஒரு கிணறு.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. வெள்ளைத் தாளைக் கல்லின் நீளத்துக்கு வெட்டி ஒட்டினேன். ரோபோ ஒரு தயக்கமும் இல்லாமல் ஏறி இறங்கியது. தாளைப் பிய்த்தேன், நின்றது. மீண்டும் ஒட்டினேன், போனது. ஆனால் இரண்டரை ஆண்டுகளாக இதே கல்லைத்தான் அது தினமும் தாண்டியிருக்கிறது. கல் மாறவில்லை என்றால், பார்க்கும் கண்தான் மாறியிருக்க வேண்டும்.

ரோபோவை மல்லாக்கப் போட்டு, அறையை இருட்டாக்கி, கைபேசியின் முன்பக்கக் கேமராவைச் சென்சார்களின் மேல் காட்டினேன். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கேமராவில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும். (பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் முன்பக்கக் கேமராவே நல்லது. தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்திப் பார்த்தால் உங்கள் கைபேசி இதற்கு உதவுமா என்பது உடனே தெரிந்துவிடும்.) நான்கில் ஓரத்துப் புள்ளிகள் இரண்டும் பளிச்சென்று இருந்தன, நடுவில் இருந்த இரண்டும் பனிமூட்டத்தில் தெரியும் விளக்கைப் போல மங்கியிருந்தன. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தபோது தூசி வந்தது, ஆனால் மங்கல் முழுவதும் போகவில்லை. விரல் நகத்தால் தடவியபோது சொரசொரவென்று இருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய்களில் வெள்ளையாகப் படியும் அதே உப்புக்கறை.

அது எப்படி அங்கே வந்தது என்று யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. துடைக்கும் துணிக்கான தொட்டியில் நாங்கள் ஊற்றிவந்தது போர் தண்ணீர். எங்கள் பகுதியில் போர் தண்ணீரின் கடினத்தன்மையை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; பருப்பு வேகாத கதை எல்லா வீட்டிலும் உண்டு. ஈரமான தரையின் மேல் மீண்டும் போகும்போது அடியில் தெறித்த துளிகள் காய்ந்து காய்ந்து, நாளடைவில் கண்ணாடியின் மேல் சுண்ணாம்பு ஏடாகப் படிந்துவிட்டன. வெள்ளை டைல்ஸிலிருந்து திரும்பும் ஒளி அந்த ஏட்டைத் தாண்டியும் போதுமானதாக இருந்தது. கறுப்புக் கல்லிலிருந்து வரும் சொற்ப ஒளிக்கு அந்த ஏடு கடைசிச் சுமையாகிவிட்டது. சில நாட்களில் மட்டும் தாண்டியதற்கும் இதுவே காரணம்: ரோபோ ஓரச் சென்சார் முந்துமாறு சாய்வாக வந்தால் தப்பித்துப் போனது, நேராக வந்தால் நின்றது.

ஆல்கஹால் சுண்ணாம்பைக் கரைக்காது. அதற்குப் புளிப்பு வேண்டும். சமையலறை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு கண்ணாடியின் மேலும் ஒரு நிமிடம் வைத்து எடுத்தேன். பிறகு வெறும் நீரில் நனைத்த குச்சியால் துடைத்துக் காயவிட்டேன். குச்சி சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது. கண்ணாடியின் ஓரத்து இடுக்கு வழியாகப் புளிப்பு உள்ளே இறங்கினால் சர்க்யூட் பலகையை அரித்துவிடும். நான்கு புள்ளிகளும் ஒரே பிரகாசத்துக்கு வந்தன. நடைவாசலைப் பத்து முறை தாண்டவிட்டேன். பத்து முறையும் தாண்டியது. அன்று முதல் தொட்டியில் ஊற்றுவது குழாயில் வரும் காவிரித் தண்ணீர் மட்டுமே.

சென்சார்களின் மேல் வெள்ளை டேப்பை ஒட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று இந்தப் பழுதுக்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். டேப் எப்போதும் தரையைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் ரோபோ எதற்கும் நிற்காது என்பது உண்மைதான். எங்கள் கூடத்திலிருந்து திண்ணைக்கு மூன்று படி இறக்கம். கதவைச் சாத்த மறந்த ஒரு நாளில் அது என்னவாகும் என்பதை எண்ணி அந்த யோசனையைத் தொடவில்லை.

இனி இரண்டாவது நோய். ஏப்ரல் 15 முதல் ரோபோ தினமும் நடையைத் தாண்டிப் போனது. தினமும் 38 அல்லது 39ஆவது நிமிடத்தில் செத்தது. முதல் பழுதைச் சரிசெய்ததால் இரண்டாவது பழுது மறைவிடம் இல்லாமல் வெளியே வந்து நின்றது என்று கொள்ளலாம்.

மோட்டார்களுக்குச் சுமை கூடியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்தேன். உருளைப் பிரஷின் இரு முனைகளிலும் தலைமுடி இறுகச் சுற்றியிருந்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பக்கப் பிரஷின் தண்டில் இருந்தது. திருகாணியைக் கழற்றித் தூக்கியபோது, தண்டைச் சுற்றி மோதிரம் போல இறுகியிருந்தது வாழைநார். நேதாஜி மார்க்கெட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வரும் மல்லிகைச் சரத்தில் பூ உதிர்ந்த பிறகு மிஞ்சும் நார், ஈரமாகச் சுற்றிக்கொண்டு பிறகு காய்ந்து இறுகியிருக்கிறது. பிளேடால் நறுக்கி எடுக்கவேண்டியதாயிற்று. "ஏங்க, பூ நாருக்குப் போய் இவ்வளவு பெரிய மிஷின் மடக்குமா" என்று மனைவி கேட்டார். நாரை எடுத்த பிறகு ஓட்டம் 38 நிமிடத்திலிருந்து 41 நிமிடமாக நீண்டது. மடக்கியது மூன்று நிமிட அளவுக்கு உண்மைதான், ஆனால் மூல காரணம் அதுவல்ல.

ராணிப்பேட்டை பெல் ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், "ஃபில்டர் அடைச்சிருக்கும் தம்பி, மோட்டார் திணறி கரண்ட்ட குடிச்சிருக்கும்" என்றார். பலரும் நம்பும் விளக்கம் இது. உண்மை இதற்கு நேர்மாறானது: உறிஞ்சும் விசிறி மையவிலக்கு வகையைச் சேர்ந்தது, காற்று வரும் வழி அடைபட்டால் அது தள்ளவேண்டிய காற்று குறைந்து, மோட்டாரின் வேலையும் அதோடு மின்னோட்டமும் குறையும். வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயை உள்ளங்கையால் அடைத்தால் மோட்டாரின் சத்தம் உயர்ந்து வேகமாகச் சுழல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது திணறலின் ஒலி அன்று, சுமை இறங்கியதன் ஒலி. ஃபில்டர் அடைத்தால் தூசி எடுபடாது, மோட்டார் குளிராது என்பவை உண்மை. ஓடும் நேரம் பாதியாவதற்கு அது காரணமாகாது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தன்னிடமிருந்த அகச்சிவப்பு வெப்பமானியைக் கொடுத்துதவினார்; அது பிறகு பெரிதும் பயன்பட்டது.

பேட்டரியைக் கழற்றுவது எளிது: அடியில் நான்கு திருகாணி, ஒரு மூடி, ஒரு இணைப்பி. மேலே 14.4 வோல்ட், கொள்ளளவு 2600 மில்லியாம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. நான்கு லித்தியம் அயனி செல்களைத் தொடராகக் கோத்த பொதி. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் ஆக 16.8 வோல்ட் இருக்கவேண்டும். டாக்கில் இரவு முழுவதும் நின்று 100 விழுக்காடு காட்டிய பிறகு கழற்றி அளந்தால் மல்டிமீட்டர் 16.1 என்றது. டாக்கின் அடாப்டர் 19.3 வோல்ட் கொடுத்தது, தொடுபுள்ளிகளையும் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தேன். எனவே குறை சார்ஜ் செய்யும் பக்கத்தில் இல்லை.

சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட்டை வைத்து அதன் கொள்ளளவைச் சொல்ல முடியாது. சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். டூவீலர் உதிரிபாகக் கடையில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வாங்கி இணைத்தேன். இந்தப் பேட்டரியில் அது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ரோபோ ஓடும்போது இழுப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. பல்பு தாங்கவேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலான மின்னழுத்தம் என்பதால் கை சுடும் அளவுக்குக் காயும். சில்வர் தட்டில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல்பு 38 நிமிடம் எரிந்து, மங்காமலேயே பட்டென்று அணைந்தது. 2 ஆம்பியர் வீதம் 38 நிமிடம் என்றால் ஏறத்தாழ 1270 மில்லியாம்பியர் மணி; அச்சிட்டதில் பாதிக்கும் குறைவு.

மங்காமல் அணைந்ததுதான் முக்கியமான தடயம். எல்லா செல்களும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் மின்னழுத்தம் படிப்படியாக இறங்கி, ரோபோ அதை உணர்ந்து டாக்குக்குத் திரும்ப நேரம் கிடைத்திருக்கும். பொதியின் மேலுறையை மூட்டுகள் இருக்கும் பக்கம் மட்டும் கவனமாகக் கீறி, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்தேன். (மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் தீப்பொறியோடு நிற்காது. பழக்கமில்லாதவர்கள் பல்புச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.) பல்பு அணைந்த பிறகு முதல் செல் 2.95, மற்றவை 3.62, 3.61, 3.60. மீண்டும் முழுச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தபோது முதல் செல் 4.19, மற்றவை 4.00, 3.99, 3.98.

இந்த எட்டு எண்கள் முழுக் கதையையும் சொல்லிவிட்டன. முதல் செல்லின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. சிறிய குடம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். சார்ஜ் ஏறும்போது அது முதலில் 4.2ஐ எட்டியதும் பொதிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடுகிறது, மற்ற மூன்றும் நிரம்பாமலே நிற்கின்றன, அதனால்தான் 16.8க்குப் பதில் 16.1. ஓடும்போது அதுவே முதலில் காலியாகிறது. அந்த ஒரு செல்லைக் காப்பாற்றப் பாதுகாப்புச் சர்க்யூட் மொத்தப் பொதியையும் துண்டித்துவிடுகிறது, மற்ற மூன்றிலும் சரக்கு இருந்தாலும். ரோபோவோ உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்து விழுக்காடு காட்டுவது. தன் பழைய கொள்ளளவை நம்பி 35 விழுக்காடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்கணைந்துவிடுகிறது.

ஒரு செல்லை மட்டும் மாற்றினால் போதாதா என்று தோன்றும். செல்களை இணைக்கும் ஸ்பாட் வெல்டிங் கருவி என்னிடம் இல்லை. இருந்தாலும் செய்திருக்க மாட்டேன். தேய்ந்த மூன்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால் சமமின்மை இடம் மாறுமே தவிரத் தீராது. செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் இரும்பை வைப்பது ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே இணைப்பியும் அதே மூன்று கம்பிகளும் கொண்ட புதிய பொதியை வரவழைத்தேன். மூன்றாவது கம்பி வெப்பநிலையைச் சொல்லும் தெர்மிஸ்டருக்கானது. பொருத்துவதற்கு முன் அளந்தபோது, அறை 32 டிகிரியில் இருக்கையில், 7.4 கிலோ ஓம் காட்டியது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்கும் வழக்கமான வகைக்கு இது பொருந்துகிறது. பழைய பொதியின் முனைகளில் டேப் சுற்றி, மின்கழிவு வாங்கும் கடையில் கொடுத்தேன். குப்பைத்தொட்டியில் போடும் பொருள் அன்று அது.

ஏப்ரல் 28 அன்று புதிய பேட்டரியோடு முதல் ஓட்டம்: 68 சதுர மீட்டர், 56 நிமிடம், மிச்சம் 31 விழுக்காடு. நோட்டை மூடிவிட்டேன்.

மே 6 அன்று மீண்டும் திறக்க நேர்ந்தது. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று கூடத்தை ஒருமுறை கூட்டவிட்டுத் திருப்பி அனுப்பிய ரோபோ, மாலை ஆறு மணிக்கும் 71 விழுக்காட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. அன்று இரவு பத்து மணிக்குப் பார்த்தால் 100. மறுநாளும் இதே கதை. புதிய பேட்டரியும் போலி என்று ஒரு கணம் மனம் சோர்ந்தது. பிறகு பெரியவரின் வெப்பமானி நினைவுக்கு வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ரோபோவின் பேட்டரி மூடியின் மேல் பிடித்தேன்: 47 டிகிரி.

டாக்கை நாங்கள் வைத்திருந்தது கூடத்தின் மேற்குச் சுவரோரம், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில். வேலூரின் மே மாதப் பிற்பகல் 40 டிகிரியைத் தாண்டும். மேற்குச் சுவர் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் அந்த இடுக்கில்தான் கொட்டும். லித்தியம் அயனி செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது; தெர்மிஸ்டர் அந்த எல்லையைக் காட்டியதும் ரோபோ சார்ஜை நிறுத்தி வைத்து, இரவு சூடு தணிந்த பிறகு தொடர்ந்திருக்கிறது. கருவி செய்தது முற்றிலும் சரி. இடம் தேர்ந்தெடுத்த நான் செய்ததுதான் தவறு. முழுச் சார்ஜோடு அந்தச் சூட்டில் இரண்டு கோடைகளை நாள் முழுவதும் கழித்த பழைய பேட்டரி அற்பாயுளில் போனதில் வியப்பு இல்லை. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் இந்த வகை செல்கள் விரைவில் மூப்படையும்.

டாக்கை நடையின் உட்சுவரோரம், பூஜை அலமாரிக்குக் கீழே மாற்றினேன். அடுத்த நாள் அதே மூன்று மணிக்கு 38 டிகிரி. இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் 100ஐ எட்டியது. டாக் இடம் மாறியதால் ரோபோ தன் வரைபடத்தைக் குழப்பிக்கொண்டது. பழையதை அழித்துப் புதிதாக ஒருமுறை வரையவிட்டதும் சரியாயிற்று. வாசற்கோலத்து மாவு உள்ளே வராதபடி திண்ணைக் கதவருகே ஒரு தடைக்கோடும் போட்டேன்.

ஜூலை 2 அன்று மீண்டும் அளந்தேன்: 68 சதுர மீட்டர், 57 நிமிடம், 30 விழுக்காடு. பக்கப் பிரஷின் தண்டைச் சனிக்கிழமைதோறும் திருப்பிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைப் பூவின் நார் இரண்டு முறை அகப்பட்டது. வலது சக்கரத்திலிருந்து இப்போது மெல்லிய கிறீச்சொலி வருகிறது. இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை.